பெட்டியில் எழுதியிருந்தது

தலையே போனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோ தூக்குவதில்லை என்று வியாழக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. வீரம் வேறு, முட்டாள்தனம் வேறு.

பீரோ என் மச்சினனுடையது. அசல் இரும்பு. அவன் நாலாவது மாடிக்குக் குடி போகிறான். அந்தக் கட்டடத்தில் இன்னும் லிஃப்ட் போடவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே நின்ற இடத்தில் மாடி ஏற்றுகிறவனுக்கு இப்படி ஒரு தலையெழுத்து.

அதே ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பில் கேரம் பைனல். ஒன்பது வருஷமாக முதல் சுற்றிலேயே வெளியேறியவன், இந்த முறை பைனலுக்கு வந்துவிட்டேன். அரையிறுதியில் எதிராளி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்படி ஒரு அதிர்ஷ்டம் இன்னொரு தடவை வராது. அந்தக் கோப்பை எனக்கு வேண்டும்.

போன் கடைக்காரரிடம் மனம் விட்டுச் சொன்னேன். அவர் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஒரே ஒரு தடவை பேசிவிட்டுத் தூக்கிப் போடுகிற போன். பெட்டி முழுக்க வாக்குறுதிகள். கூப்பிடுவது யாரென்று கடவுளுக்கே தெரியாதாம். யாராலும் திரும்பக் கூப்பிட முடியாதாம். தண்ணீரில் போட்டால் சர்க்கரையாகக் கரைந்துவிடுமாம். அந்தத் தண்ணீரை ஊற்றினால் செடி செழிக்குமாம். குரலும் மாறுமாம்.

"குரல் நிஜமாவே மாறுமா?" என்று கேட்டேன்.

"நீங்க கொஞ்சம் மாத்திப் பேசினீங்கன்னா கண்டிப்பா மாறும் சார்."

ஞாயிறு காலை குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சொல்லுங்க," என்றாள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நான் மானேஜர் பேசறேன். ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. உங்க வீட்டுக்காரரை உடனே அனுப்பணும்."

"அடடா. எத்தனை பேர் சார்?"

"ஆறு பேர்."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து." வாய் தானாகப் பேசிவிட்டது.

"பாவம். உள்ள என்ன பண்றாங்க?"

"கதவு இடுக்குல பேப்பர் குடுத்தோம். படிச்சுக்கிட்டிருக்காங்க."

"அவரு குளிக்கிறாரு. வந்ததும் அனுப்பிடறேன் சார். ஆனா இன்னிக்கு அவருக்கு ஒரு கேரம் பைனல் இருக்கு. வர முடியாதுன்னு எங்க குடியிருப்புச் செயலாளர்கிட்ட சொல்லிடவா?"

அவசரமாக மறித்தேன். "வேணாம்மா. அவரு நடுவுல வந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போகட்டும்."

"ஆறு பேரை உள்ள வச்சுட்டா சார்?"

மானேஜர் சட்டென்று போனை வைத்துவிட்டார். நான் அதை வாளித் தண்ணீரில் போட்டேன்.

கரையவில்லை. மிதந்தது. அமுக்கினேன், மேலே வந்தது. கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அது மணியடிக்க ஆரம்பித்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி அடித்தது.

கதவு தட்டப்பட்டது. "என்னங்க, மானேஜர் உள்ளயா இருக்காரு?"

திறந்தேன். திரும்பக் கூப்பிட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டே வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் பேசுவதற்கு முன்னால் போனில் ஒரு பெண் குரல் வந்ததாம். 'இது ஒரு ரகசிய அழைப்பு. பேசுபவர் தான் யாரென்பதை மறைக்க விரும்புகிறார். நீங்களும் மறைக்க விரும்பினால் இன்றே இந்தப் போனை வாங்குங்கள்' என்று தேனொழுகச் சொல்லியதாம். பெட்டியில் அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

"தம்பி கீழ வண்டியோட நிக்கறான். கிளம்புங்க," என்றாள்.

"அப்ப பைனல்?" அழுகை வராத குறை.

"போட்டி நம்ம வீட்டு நம்பர் பேர்லதானே? யாரு ஆடினா என்ன? நான் வர்றேன்னு செயலாளர்கிட்ட இப்பதான் சொல்லிட்டு வந்தேன்."

பீரோ நாலு மாடி ஏறியது. ஒவ்வொரு படியிலும் அந்தப் பெட்டியை அச்சடித்தவனை நினைத்துக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. மச்சினன், "மெதுவா மாமா, கண்ணாடி கண்ணாடி," என்று பின்னாலிருந்து கைகட்டிக்கொண்டு தைரியம் சொன்னான்.

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், மேஜை மேல் கோப்பை பளபளத்தது. என்னால் நாற்காலியில் உட்காரக்கூட முடியவில்லை.

"நீ எங்க கேரம் கத்துக்கிட்டே?" என்றேன்.

"ஒன்பது வருஷமா நீங்க தோக்கறதைப் பாத்துதான்," என்று சொல்லிவிட்டு, கோப்பையை முந்தானையால் துடைத்தாள். "அடுத்த வருஷமும் மறக்காம உங்க மானேஜரைப் பேசச் சொல்லுங்க."