எட்மண்டன் கேட்ட பிள்ளை

“அந்த நெட்டைப் பிள்ளையை எங்களுக்குத் தருவீங்களோ, தங்கச்சி?”

யோகமலருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் வாசனைத் திரவியம் விற்கும் கடையில் வேலை. கிடைத்த பதினைந்து நிமிட இடைவேளையில், ஒரு கையில் பாதி கடித்த சாண்ட்விச்சும் மறு கையில் போனுமாக நின்றாள்.

போனில் பேசியவர் சண்முகராசா, வட லண்டனில் உள்ள எட்மண்டன் தமிழ் மகளிர் கூடைப்பந்து அணியின் பொறுப்பாளர். ஹவுன்ஸ்லோ அணிக்கு யோகமலர் பொறுப்பு. இரண்டு அணிகளுக்கும் ஏழு வருடப் போட்டி. அந்த ஏழு வருடத்தில் ஹவுன்ஸ்லோ எட்மண்டனை வென்றது ஒரே ஒரு தரம். அன்றைக்கு எட்மண்டன்காரரின் வான் வண்டி பாதி வழியில் நின்றுபோய், நாலு பேர் மட்டும் ரயில் பிடித்து வந்து விளையாடியிருந்தார்கள்.

“எந்த நெட்டைப் பிள்ளை, அண்ணை?”

“லக்‌ஷிகா. உங்கட வாங்கில இருக்கிற பிள்ளை.”

யோகமலர் சாண்ட்விச்சை மேசையில் வைத்தாள்.

லக்‌ஷிகாவுக்குப் பத்தொன்பது வயது. ஐந்தடி பதினொரு அங்குலம். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் அவளை அணியில் சேர்த்திருந்தாள். உயரத்தைத் தவிர வேறு ஏதும் அவளிடம் இருப்பதாக இதுவரை தெரியவரவில்லை. இந்தப் பருவம் முழுக்க மாற்று ஆட்டக்காரிகள் காத்திருக்கும் வாங்குப் பலகையிலேயே அவளுக்குக் கழிந்தது. களத்தில் ஆடியது மொத்தம் பதினொரு நிமிடம். போட்டது ஒரு கூடை, அதுவும் எதிரணிக்குப் புள்ளி போகும் பக்கத்தில்.

“அவளை எடுத்துப்போட்டு எங்களுக்கு ஆரைத் தருவீங்கள்?”

மறுமுனையில் அவர் செருமினார்.

“அதைப் பேந்து பாப்பம். ஜனவரி முடியமுதல் சொல்லுங்கோ. பிறகு லீக்கில பேர் மாத்த ஏலாது.”

அவ்வளவோடு போனை வைத்துவிட்டார். ஆளைப் பார்த்தால் அப்பாவி, உள்ளுக்குள் எவ்வளவு கணக்குப் போடுகிறாரோ என்று யோகமலர் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தவராசாவிடம் சொன்னாள். தவராசா பஸ் ஓட்டுபவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்து துள்ளும் என்பதுதான். ஆனால் எந்த விசயத்திலும் அபிப்பிராயம் சொல்லப் பின்நிற்க மாட்டார்.

“அவன் என்ன விசரனே? ஒண்டும் இல்லாத பிள்ளையைக் கேப்பானே?”

“அதுதானே நானும் யோசிக்கிறன்.”

“உம்மட கண்ணுக்குத் தெரியாதது அவன்ர கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. வடிவாப் பாரும்.”

வியாழக்கிழமைப் பயிற்சியில் யோகமலர் வடிவாக, உற்றுப் பார்த்தாள். போன கிழமை வரைக்கும் லக்‌ஷிகா பந்தைத் தவறவிட்டால் அது தவறவிட்டதாகத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பந்து வந்து சேர முதலே பிள்ளை அந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறாள். அது எவ்வளவு வேகம்! மற்றவர்கள்தான் பந்தைப் பிந்தி எறிகிறார்கள். இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஹாரோவோடு ஆட்டம். இரண்டாம் பாதியில் அணித் தலைவி ஆரணியை வெளியே எடுத்துவிட்டு லக்‌ஷிகாவை இறக்கினாள்.

லக்‌ஷிகா ஒன்பது நிமிடம் ஆடினாள். அந்த ஒன்பது நிமிடத்தில் எதிராளிகளோடு மோதி ஐந்து பவுல் செய்து விதிப்படி வெளியேற்றப்பட்டாள். ஹாரோப் பிள்ளை ஒருத்தியின் மூக்குக்கண்ணாடி எங்கே போனதென்று ஆட்டம் முடிந்த பிறகும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“துணிவு,” என்று யோகமலர் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆரணி கழுத்தில் துவாயோடு வந்து நின்றாள். “அன்ரி, சீரியஸா? என்னை எடுத்துப்போட்டு அவளையோ விட்டனீங்கள்?”

ஆரணி கோபித்தால் அணி இல்லை. இருபது புள்ளிக்குக் குறைந்து அவள் எந்த ஆட்டத்திலும் எடுத்ததில்லை. யோகமலர் அவளை உடைமாற்றும் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. எட்மண்டன் லக்‌ஷிகாவைக் கேக்குது. நாலு தரம் இறக்கிக் காட்டினால்தான் அவளின்ர மதிப்புக் கூடும். அவளைக் குடுத்துப்போட்டு அங்கயிருந்து நல்ல ஆக்கள் ரெண்டு பேரை எடுப்பம்.”

“ஓ. ஓகே, அன்ரி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

ஹவுன்ஸ்லோ ரயில் நிலையம் வருமுன்னமே அணியின் எல்லாப் போனிலும் அந்தச் செய்தி எஸ்.எம்.எஸ்ஸாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. வாசலில் லக்‌ஷிகாவின் தாய் சிவனேஸ்வரி. கோட்டைக் கழற்றவில்லை, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“என்ர பிள்ளை என்ன சந்தையில விக்கிற மீனோ, நல்ல விலை வரும் எண்டு நீங்கள் ஐசில வைச்சிருக்க?”

“ஐயோ, அப்பிடியில்லை அக்கா…”

“மாத்திறதெண்டால் மாத்துங்கோ! எட்மண்டனிலயாவது அவளின்ர அருமை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்.”

யோகமலருக்குப் பதறிவிட்டது. தாயே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டால் பதிலுக்குக் கைக்கு ஒன்றும் வராது.

“ஆர் மாத்தப்போறது? அவள்தான் அக்கா எங்கட எதிர்காலம்!”

“எதிர்காலத்தை ஏன் வாங்கில இருத்தி வைச்சிருக்கிறீங்கள்?”

“இனி இருத்தமாட்டம்.”

“இப்பிடித்தான் சொல்லுவீங்கள்.”

“உப தலைவியாப் போடுறன்!”

அந்தச் சொல் எப்படி வாயிலிருந்து வந்ததென்று யோகமலருக்கே தெரியாது. மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தவராசாவுக்குப் புரையேறியது. சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்தாள், கோட்டைக் கழற்றினாள், இரண்டு வடை சாப்பிட்டாள், தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அணிக்கு ஏற்கெனவே ஓர் உப தலைவி இருந்தாள். லக்ஷ்மிப்ரியா, சென்னையிலிருந்து வந்து வங்கியொன்றில் கணினி வேலை பார்க்கும் பெண். ஆரணியின் உயிர்த்தோழி. தூரத்திலிருந்து எறிந்தால் பத்துக்கு ஏழு கூடைக்குள் விழும்.

“ஆன்ட்டி, நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று அவள் போனில் கேட்டாள்.

“தப்பொண்டும் இல்லையம்மா. இது தற்காலிகம்.”

“எவ்ளோ நாளைக்கு?”

“பாப்பம் அம்மா,” என்று யோகமலர் போனை வைத்தாள். இந்தத் தலையிடியே வேண்டாம், எட்மண்டனுக்கு இல்லையென்று சொல்லி விசயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்துச் சண்முகராசாவை அழைத்தாள்.

“அண்ணை, நாங்கள் லக்‌ஷிகாவைத் தாறதாயில்லை.”

“ஓ, அப்பிடியே? சரி, விடுங்கோ தங்கச்சி.”

“சரியோ?”

“ஓம். சந்தோசம்.”

யோகமலர் போனை வைத்துவிட்டுக் கணவரிடம் ஓடினாள். “இஞ்சருங்கோ, மனுசன் சந்தோசம் எண்டு சொல்லுது!”

தவராசா பேப்பரை மடித்தார். “அப்பிடியெண்டால் அவன் நேரடியாப் பிள்ளையோட கதைச்சு முடிச்சிட்டான்.”

அன்றிலிருந்து யோகமலர் தன்னுடைய காரிலேயே லக்‌ஷிகாவைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினாள். காலை ஷிப்ட் முடிந்து நேரே பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்பாள். வழியில் யாராவது போன் எடுத்தார்களா என்று மெல்ல விசாரிப்பாள். “நோ அன்ரி, வை?” என்று லக்‌ஷிகா சிரிப்பாள். பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மூன்று ஆட்டத்திலும் அவளை ஆரம்பத்திலிருந்தே இறக்கினாள். மூன்றிலும் தோல்வி. அதில் ஒன்று கடைசி இடத்தில் இருந்த அணியோடு.

ஜனவரி முப்பதாம் திகதி ஆரணியும் லக்ஷ்மிப்ரியாவும் சேர்ந்து வந்தார்கள். இருவர் கையிலும் தோய்த்து மடித்த சிவப்பு ஜேர்சி.

“சொறி, அன்ரி. நாங்க எட்மண்டனுக்குப் போறம்.”

“அங்க ஆர் உங்களைக் கேட்டது?”

“நாங்கதான் கேட்டனாங்கள். சண்முகராசா அங்கிள் உடன ஓம் எண்டுட்டார்.”

“ஆமா ஆன்ட்டி,” என்றாள் லக்ஷ்மிப்ரியா கண் கலங்கி. “எனக்கு விளையாடணும். அவ்ளோதான்.”

அவர்கள் போன பிறகு யோகமலர் அந்த இரண்டு ஜேர்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். ஏழு வருடமாக ஒவ்வொரு பிள்ளையாகத் தேடிப்பிடித்துக் கட்டின அணி. பள்ளிக்கூட மண்டபத்துக்கு அலைந்து, தாய் தகப்பன்மாரிடம் கெஞ்சி, ஷிப்ட் மாற்றிக் கட்டின அணி. திடீரென்று எல்லாம் விளங்கியது.

“இஞ்சருங்கோ! அவர் கேட்டது லக்‌ஷிகாவை. குறி வைச்சது ஆரணியை! எங்களுக்குள்ள குழப்பத்தை உண்டாக்கினால் ஆரணி தானா வருவாள் எண்டு தெரிஞ்சுதான் செய்திருக்கிறார்!”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் தவராசா. அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

மார்ச் மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் எட்மண்டனோடு ஆட்டம். எட்மண்டனின் நீல ஜேர்சியில் ஆரணியும் லக்ஷ்மிப்ரியாவும் ஏதோ பிறந்ததிலிருந்து அதையே போட்டவர்கள் மாதிரி ஓடினார்கள். இடைவேளைக்கு 38–7. யோகமலர் புள்ளிப் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

லக்‌ஷிகா மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். விழுந்தாள், எழும்பினாள், தன்னுடைய ஆட்களோடேயே மோதினாள். பவுல் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். அதுவே முன்னேற்றம். கடைசி நிமிடத்தில் யாரோ தவறவிட்ட பந்து அவள் கைக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததை யோகமலர் கண்டாள். பந்து வளையத்தில் இரண்டு தரம் சுற்றி, போவதா விடுவதா என்று யோசித்து, உள்ளே விழுந்தது.

71–19. ஆனாலும் மண்டபத்தில் பெரிய சத்தம் அந்த ஒரு கூடைக்குத்தான் எழுந்தது. நீல ஜேர்சிக்குள் நின்ற ஆரணிகூடக் கை தட்டினாள். லக்‌ஷிகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேலே படியில் இருந்த சிவனேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். யோகமலரும் எழுந்து நின்று கை தட்டினாள். இந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்காதது நல்லதுதான் என்று மனதார நினைத்தாள்.

அந்தத் தெம்போடுதான் வாசலுக்குப் போனாள். அங்கே சண்முகராசா கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி அருள்மலர் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வெற்றிக்கு வாழ்த்துகள், அண்ணை. ஆனால் உங்கட விளையாட்டு எனக்கு விளங்கிப்போச்சு.”

“என்ன விளையாட்டு, தங்கச்சி?”

“ஆரணியை எடுக்கத்தானே லக்‌ஷிகாவைக் கேட்டனீங்கள்? என்ர அணியை உடைக்கத்தானே?”

சண்முகராசா பட்டனை விட்டுவிட்டுத் திரும்பினார். “நானோ? ஐயோ, ஆரணி வருவாள் எண்டு நான் கனவிலயும்… அது வந்து தங்கச்சி…”

“பின்னை ஏன் கேட்டனீங்கள்? அவளிட்ட என்னத்தைக் கண்டனீங்கள்? அதையாவது சொல்லுங்கோ!”

அவர் உதவி கேட்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அருள்மலர் ஆவி பறக்கும் கோப்பையை யோகமலரின் கையில் வைத்தாள்.

“இவரை ஏசாதேங்கோ அக்கா, சிவனேஸ்வரி என்ர சொந்த மச்சாள், ‘பிள்ளை ஒவ்வொரு கிழமையும் வாங்கில இருந்திட்டு வந்து அழுறாள், வேற அணி கேக்குது எண்டாலாவது ஒருக்கா இறக்குவினம், ஒரு போன் எடுத்துவிடுங்கோ’ எண்டு கெஞ்சினவா; மற்றபடி அந்தப் பிள்ளை பந்து பிடிக்கிறதை இவர் இண்டைக்குத்தான் முதல்முதலாப் பாத்தவர்!”