பக் டெட்வைலரின் இடது கை

பறவைக் கால் பொருந்திவிட்டது. நாள்காட்டிதான் பொருந்தவில்லை.

ஆர்வில் ஸ்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பூதக்கண்ணாடி மேல் குனிந்தார்.

மேஜையில் இரண்டு புகைப்படங்கள். நடுவில் ஒரு பழைய ஹெல்மெட்.

முதல் படம், ஹார்லோ ஃபோர்க் ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குவது. 1959, நன்றித் திருநாள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், கடைசி நிமிடம், கொட்டும் பனி. பதினோராம் எண் சட்டை போட்ட பக் டெட்வைலர் தரையை விட்டு மூன்றடி உயரத்தில் மிதக்கிறான். முகம் முழுக்கச் சேறு. இடது கை மட்டும் வானத்துக்குள் போய்ப் பந்தைப் பறிக்கிறது. ஹெல்மெட்டின் இடது பக்கம், காதுத் துளைக்கு மேலே, வண்ணம் உரிந்து மூன்று கீறல்கள். பனியில் காக்கை மிதித்துவிட்டுப் போன மாதிரி.

மேஜை மேல் இருந்த ஹெல்மெட்டிலும் அதே இடத்தில் அதே மூன்று கீறல்கள். நடுக் கீறலின் நுனி கொஞ்சம் வளைந்திருந்தது. படத்திலும் வளைந்திருந்தது.

இருபத்திரண்டு வருடங்களாக ஆர்வில் செய்யும் தொழில் இது. பழைய ஹெல்மெட்டைப் பழைய படத்தோடு வைத்துப் பார்ப்பார். கீறலுக்குக் கீறல், சொட்டைக்குச் சொட்டை சரியாக இருந்தால், 'அந்த ஆட்டத்தில் அந்தத் தலையில் இருந்தது இதுவே' என்று கடிதம் கொடுப்பார். இதுவரை ஒரு கடிதம்கூடப் பொய்யானதில்லை.

அவருடைய முறையும் தனி. படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அப்புறம் படத்துக்குள்ளே பனி பெய்ய ஆரம்பிக்கும். கூட்டத்தின் இரைச்சல் தூரத்து ஆறு மாதிரி கேட்கும். ஆர்வில் மெல்ல எழுந்து மைதானத்துக்குள் நடந்து போவார்.

"ஆர்வில்! சாப்பாடு!"

"கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றார் ஆர்வில்.

"நான் எங்கே மறைச்சேன்? வாசல்லதானே நிக்கிறேன்?" என்றாள் அவர் மனைவி வின்னி.

ஆர்வில் நிமிர்ந்தார். தோளெல்லாம் வெண்மையாக இருந்தது.

"வின்னி, பனி..."

"பனியாவது ஒண்ணாவது. நீ தின்ன டோனட்டோட சர்க்கரை. தட்டிட்டு வா."

ஆர்வில் தட்டவில்லை. இரண்டாவது படத்தை எடுத்து நீட்டினார். ஒரு சமையலறை. நாற்காலியில் பக், இளித்தபடி. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"இதுல என்ன? அந்தப் பந்தைப் பிடிச்சதுலதான் கை முறிஞ்சுதுன்னு ஊருக்கே தெரியுமே."

"பின்னாடி சுவத்துல நாள்காட்டியைப் பாரு. நவம்பர் இருபத்திநாலு வரைக்கும் பேனாவால அடிச்சிருக்கு. ஆட்டம் இருபத்தாறாம் தேதி. ரெண்டு நாள் முன்னாடியே கை முறிஞ்சாச்சு. முறிஞ்ச கையால எப்படிப் பிடிச்சான்?"

வின்னி யோசித்தாள். "முதல்ல சூப்பைக் குடி."

அந்தப் படம், பக்கின் மனைவி லோர்னா டெட்வைலர் போன வாரம் ஹெல்மெட்டோடு கொடுத்த செருப்புப் பெட்டியில் இருந்தது. பக் காலமாகி ஒரு வருடமாகிறது. வியாழக்கிழமை, அந்த ஆட்டத்தின் அறுபதாம் ஆண்டு விழா. ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி தயார். ஆர்விலின் கடிதம் இல்லாமல் உள்ளே எதையும் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லோர்னா வீட்டைக் காலி செய்துவிட்டு அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறாள்.

"நான் போறதுக்குள்ள இது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதைப் பார்த்துடணும், மிஸ்டர் ஸ்டால்" என்று சொல்லியிருந்தாள். "எனக்கு வேற ஆசை இல்லை."

"ஆட்டத்தைப் பத்தி நீங்க ஏதாவது சொன்னா உதவியா இருக்கும், மிஸஸ் டெட்வைலர்."

"நானா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பக்குக்கு வாக்குக் குடுத்திருக்கேன். படம் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க."

பக்குக்குத் தற்பெருமை பிடிக்காது போலிருக்கிறது என்று ஆர்வில் நினைத்துக்கொண்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் எழுந்தபோது, இடது உள்ளங்கை ஓரம் முழுக்க மை ஈஷியிருந்தது. அவருடைய பேனா எப்போதும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்டுத் துணி கொடுத்தார்.

சூப் ஆறிக்கொண்டிருந்தது. வின்னி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் அழகு பார்த்தாள்.

"எனக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"எனக்குக் காதுக்கு மேல இறங்கவே இல்லை. அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தலை சின்னது" என்ற ஆர்வில், சட்டென்று கண்ணாடியையே பார்த்தார். கண்ணாடிக்குள் பறவைக் கால் வலது பக்கம் இருந்தது.

"வின்னி! படத்தைத் தலைகீழாப் போட்டுட்டாங்க!"

"சுவத்துல நேராத்தானே தொங்குது?"

"அப்படியில்லை. நெகட்டிவை இடம் வலமா மாத்திப் போட்டு அச்சடிச்சுட்டாங்க. பதினொண்ணு எப்படித் திருப்பினாலும் பதினொண்ணுதான். அதான் அறுபது வருஷமா ஒருத்தருக்கும் தெரியலை. அவன் பிடிச்சது வலது கையால!"

பாதி சூப்போடு எழுந்து படத்திடம் ஓடினார். பக்கின் முழங்காலுக்குப் பின்னால், கூட்டத்தின் முதல் வரிசையில் ஓர் இளைஞன் வாயைப் பிளந்து நின்றான். ஆர்வில் அவன் கோட்டுப் பொத்தான்களைப் பார்த்தார். ஆண்கள் கோட்டில் இடது மடல்தான் மேலே வரும். இவனுக்கு வலது மடல் மேலே இருந்தது.

சந்தேகமே இல்லை. படம் திரும்பித்தான் இருக்கிறது.

ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம்தான் உறைத்தது. படத்தைத் திருப்பினால் பறவைக் கால் வலது பக்கம் போய்விடும். மேஜையில் இருக்கும் ஹெல்மெட்டில் அது இடது பக்கம். அப்படியானால் இது அந்த ஹெல்மெட்டே இல்லை.

வின்னியிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். விழா அழைப்பிதழில் பெயர் சேர்ப்பதற்காக அந்நேரம் பார்த்து மேயர் கிளைட் ஹாட்ச்கிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆர்வில் இன்னும் பாதி படத்துக்குள்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"என்னய்யா உளர்றே?" என்றார் மேயர். "நடுச் சதுக்கத்துல வெண்கலச் சிலை நிக்குதே, அது எந்தக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"இடது கையை."

"ஆட்டம் தொடங்கும்போது ஊரே எழுந்து நின்னு எந்தக் கையைத் தூக்குது?"

"இடது கையை."

"பேக்கரியில பிஸ்கட்டு?"

"அதுவும் இடது கைதான், மேயர்."

"அப்ப சிலையே தப்பு. வியாழக்கிழமை டிவிக்காரங்க வர்றாங்க. தப்பான கையைக் காட்டினா மானம் போயிடும். நான் பார்த்துக்கறேன்."

மேயர் பார்த்துக்கொள்வது என்றால் ஆர்வில் பயந்திருக்க வேண்டும். பயப்படத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. உணவு விடுதியில் இடது கைக்காரர்கள் ஜன்னல் ஓரம், வலது கைக்காரர்கள் அடுப்பு ஓரம். பள்ளி வாத்தியக் குழு, எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிப் பழகியது. பார்ப்பதற்குக் கொள்ளைக்காரனிடம் சிக்கியவர்கள் மாதிரி இருந்தது. புதன்கிழமை மேயர் வெல்டிங்காரரைக் கூட்டிவந்து சிலையின் இடது கையைத் தோளோடு அறுத்தெடுத்தார், வலது பக்கம் ஒட்டுவதற்காக. வலது பக்கம் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. அதையும் அறுத்தார்கள். அதற்குள் பனி பிடித்துக்கொண்டது. வெல்டிங்காரர் இரண்டு கைகளையும் லாரியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பக் டெட்வைலர் சதுக்கத்தில் கையே இல்லாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப ரெண்டு கட்சிக்கும் பொதுவா நிக்குது" என்றாள் வின்னி. "லோர்னாகிட்ட யார் சொல்றது?"

ஆர்வில்தான் சொன்னார். லோர்னா வீட்டில் எல்லாம் அட்டைப் பெட்டிகளுக்குள் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதில் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் நின்றாள்.

"மன்னிக்கணும், மிஸஸ் டெட்வைலர். என்னால கடிதம் எழுத முடியாது. இந்த ஹெல்மெட் அந்த ஆட்டத்துல இல்லை."

லோர்னா கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பனியில் எதையோ எட்டிப் பிடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அந்த ஆட்டத்துல இருந்துது, மிஸ்டர் ஸ்டால். இன்னொரு தடவை படத்தைப் பாருங்க."

"நூறு தடவை பார்த்துட்டேன்."

"நூத்தியோராவது தடவை பாருங்க. நீங்க தப்பே பண்ணமாட்டீங்கன்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஆர்வில் தொப்பியைத் திருகிக்கொண்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை காலை. வின்னி பூசணிப் பை பலகாரத்தை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாரைப் பார்த்துக்கிட்டிருக்கே? எஸ்ராவையா?"

"எந்த எஸ்ரா?"

"முடிவெட்டுற எஸ்ரா. அந்தக் காது ஊர்ல வேற யாருக்கு இருக்கு? இதுல ஒல்லியா இருக்கான். ஆனா என்ன ஆர்வில், கோட்டு இடுப்புல இப்படிச் சுருக்கு வச்சிருக்கு?"

ஆர்வில் படத்தையும் ஹெல்மெட்டையும் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

விழா நாள் என்பதால் எஸ்ரா இரண்டு மணி நேரம் கடையைத் திறந்திருந்தார். வெள்ளைத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது லோர்னா. ஆண்கள் மட்டும் போகும் அந்தக் கடையில் மாதம் தவறாமல் வந்து முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளும் ஒரே பெண் அவள்தான். ஊருக்கு அது பழகிப்போய் யாரும் கேட்பதில்லை.

ஆர்வில் அவள் முகத்தைப் பார்க்காமல் படத்தை நீட்டினார். "எஸ்ரா, இது நீங்கதானே?"

எஸ்ரா கத்திரியைக் காற்றில் நிறுத்தினார். "காதைப் பார்த்தா தெரியலை?"

"இந்தக் கோட்டு..."

"எங்கம்மாவோடது."

ஆர்வில் காத்திருப்போர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பெண்கள் கோட்டு. வலது மடல் மேலேதான் வரும். அப்படியானால் படம் திரும்பவே இல்லை. இடது கை இடது கைதான். ஹெல்மெட் அதே ஹெல்மெட்தான். சிலையும் சரியாகத்தான் இருந்தது, லாரியில் ஏறும் வரைக்கும்.

"ஆனா பக்குக்கு அந்தக் கை முறிஞ்சிருந்துதே!" என்று கிட்டத்தட்ட அலறினார். "எஸ்ரா, நீங்க முதல் வரிசையில நின்னீங்க. பக் எந்தக் கையால பிடிச்சான்?"

எஸ்ரா சீப்பைத் துடைத்தார்.

"சரி, அதை விடுங்க. இருபது வயசு ஆம்பளை அம்மா கோட்டைப் போட்டுக்கிட்டா ஆட்டம் பார்க்கப் போவான்?"

"என் கோட்டை இரவல் குடுத்துட்டேன் தம்பி. சட்டை நம்பர் யார் கண்ணுலயும் படாம மைதானம் வரைக்கும் போய்ச் சேரணுமே."

"யாருக்குக் குடுத்தீங்க? பக்குக்கா?"

"பக் எங்கே போனான்? அன்னிக்கு முழுக்க இந்தப் பின்னறையில மாவுக்கட்டோட ரேடியோவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஆட்டம் முடிஞ்சதும் ஓடிப் போய்க் கூட்டத்துல கலந்தான். 'ஐயோ, கை முறிஞ்சுபோச்சு'ன்னு கத்தினான்."

வெளியே பனி மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் மைதானத்து முரசு. ஆர்வில் மடியில் இருந்த படத்துக்குள் பதினோராம் எண் சட்டை அந்தரத்தில் மிதந்தது. சேற்று முகம் இன்று அவரையே பார்ப்பது போலிருந்தது.

"லோர்னா, இவர் கேட்டுட்டாரு" என்றார் எஸ்ரா.

"நான் வாயே திறக்கலை, எஸ்ரா" என்றாள் லோர்னா, கண்ணை மூடியபடி.

எஸ்ரா கீழ் இழுப்பறையைத் திறந்து, மஞ்சளேறிய செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து ஆர்வில் கையில் வைத்தார். நீல ரிப்பன் கட்டிய, இரண்டடி நீளச் செம்பட்டைப் பின்னல்.

"இதோட ஹெல்மெட் உள்ள இறங்கமாட்டேன்னுடுச்சு தம்பி, அதான் அன்னிக்குக் காலையில லோர்னாவுக்கு முதல் தடவையா முடி வெட்டிவிட்டேன்."