அமெரிக்கா காரில் நாற்பத்து மூன்று வட்டங்கள்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்தப் பழமொழிக்கு அடங்காத ஒரே ஜென்மம் எங்கள் ஆம்பூரில்தான் இருக்கிறது. சாக்பீஸ்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். தன் பொருளை விற்பதற்கு ஆளை வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பொருளில் என்னென்ன கோளாறு என்று ஒன்றுவிடாமல் சொல்லித் திருப்பி அனுப்பும் மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் தினமும் பார்க்கிறேன். என் வயிற்றெரிச்சலை உங்களிடமாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

நானும் அவரும் ஒரே கம்பெனியில் இருந்தோம். நான் பார்சல் செக்‌ஷன் குமாஸ்தா, அவர் செலக்டர். செலக்டர் என்றால், பதப்படுத்திய தோலை மேஜையில் விரித்துப் போட்டு, முள் கீறல், உண்ணிக்கடி, கத்தி பட்ட இடம் என்று ஒவ்வொரு குறையையும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரம் பிரிக்கிற ஆள். ஒரு வட்டம் விட்டுப்போனால் கடல் தாண்டிப் போன சரக்கு திரும்பி வந்துவிடும். சரி, அது உத்தியோகம். ரிட்டயர் ஆன பிறகும் சட்டைப் பையில் சாக்பீஸ் எதற்கு?

எதிர்வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் இவரிடம் விசாரித்தார்கள். நாமெல்லாம் என்ன சொல்வோம்? தங்கமான பையன் என்போம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பையன் நல்லவன்தான். கோவம் ஜாஸ்தி. பொறுமை கம்மி. இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கமா நின்னு பேசுங்க" என்றார். அவர்கள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை இவர் முகத்தில் விழிப்பதில்லை.

இப்பேர்ப்பட்டவர் ஒரு கார் வாங்கினார். தோல் பதனிடும் டேனரி ஒன்று மூடிக் கிடந்தது, அதன் பின்புறம், முள்ளுக்காட்டுக்குள் கிடந்த பழைய அமெரிக்கா கார். கப்பல் நீளம், பின்னால் இரண்டு இறக்கை, ஸ்டீயரிங் இடது பக்கம். இரும்பு விலைக்கு வாங்கி, நேராக என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். "ஆறே மாசம்பா. தோஸ்துக்கு இது கூட செய்ய மாட்டியா?" என்றார். ஒன்பது வருஷம் ஆயிற்று.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், வேலை அப்படி இருந்தது. தகடு தகடாகக் கழற்றித் தட்டி நிமிர்த்தினார். மூன்று தடவை பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். சீட்டுக்கு இருபது தோல் பார்த்து ஒன்றை எடுத்தார், அதையும் பாதி வெட்டி எறிந்தார். கடைசியில் அந்தக் காரைப் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது, ஷெட் என்னுடையது என்பதால்.

அங்கேதான் பேஜார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் மகள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு யூனிட் தொடங்க முடிவு செய்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் வேலை. ஆர்டர் கிடைத்துவிட்டது. தெருவில் ஆறு பெண்கள் வேலைக்கு வர்றோம் என்று காத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் மெஷின் போட இடம் காட்டாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு ஷெட்தான். "பெரியப்பா, கார வித்துடலாமா?" என்று அவரிடம் கேட்டாள். "வித்துடலாம்மா" என்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அவளே படம் எடுத்து ஃபோனில் விளம்பரமும் போட்டாள்.

முதல் ஆள் சென்னையிலிருந்து வந்தார். ஷெட்டைத் திறந்தேன். கார் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம்.

"இன்னா அண்ணா இது?" என்றேன்.

"வாங்குறவரு தேடிக் கஷ்டப்படக் கூடாதுல்ல. நாப்பத்து மூணு இருக்குது, எண்ணிக்கோ."

சென்னைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாருங்க இப்படி கிறுக்கினது, பசங்களா?" என்று கேட்டார். "நான்தாங்க" என்று சாக்பீஸ்காரர் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு வட்டமாகக் காட்டிக்கொண்டு போனார். பதினேழாவது வட்டத்தில் வந்தவர் கையை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்து, வாலாஜாபேட்டை கல்யாண மண்டபத்து முதலாளி. அவருக்கு ஓடுகிற கார் வேண்டாம், வாசலில் நிறுத்தி வைத்தால் போதும். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆசையாக ஃபோனில் மண்டபத்தின் படத்தைக் காட்டினார். சாக்பீஸ்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்க தூண்ல விரிசல் இருக்குதே" என்றார். விற்கிற பொருளில் குறை சொன்னால் பரவாயில்லை. வாங்க வந்தவன் சொத்திலும் குறை சொன்னால் எவன் நிற்பான்?

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். இனி சாக்பீஸ்காரரை நம்பிப் பயனில்லை. ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வேக்காரரிடம் பழைய கார் சாமான் இருப்பதாகப் பொய் சொல்லி இவரை ரயிலேற்றி அனுப்பினேன். ஈரத்துணியை எடுத்தேன். நாற்பத்து மூன்றையும் துடைத்தேன்.

பெங்களூர்க்காரருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "இப்பவே ஓட்டிட்டுப் போயிடறேன் சார்" என்றார். மனைவி முன்னால் ஏறினார். இரண்டு குழந்தைகள் பின் சீட்டில் ஏறிக் குதித்தன. சின்னது தலையை வெளியே நீட்டி, "அங்கிள், மழை வந்தா உள்ள நனையுமா?" என்று கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். வானம் மப்பாக இருந்தது.

முன் சக்கரத்துக்கு மேலே இருந்த வட்டம்தான் இருப்பதிலேயே பெரியது. ஈரம் பட்டால் பிரேக் இடது பக்கமாக இழுக்கும், மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. அதைத் துடைத்த கை இன்னும் காயவில்லை எனக்கு. பேசாமல் இருந்திருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்தது.

"சார், ஒரு நிமிஷம். மழைல பிரேக்கு இழுக்கும். ஹைவேல குழந்தைங்கள வெச்சிட்டுப் போகாதீங்க."

அந்தம்மாள் சட்டென்று இறங்கிப் பிள்ளைகளையும் இறக்கினார். "இத முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்" என்றார் பெங்களூர்க்காரர், ஏதோ நான் நாலு ஊரை ஏமாற்றிப் பிழைப்பவன் மாதிரி. போய்விட்டார்கள். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற பெண்ணின் பிழைப்பில் என் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டேன்.

சாயந்திரம் வெறுங்கையோடு வந்தவரிடம், துடைத்தது முதல் உளறியது வரை எல்லாவற்றையும் சொல்லிக் கத்தித் தீர்த்தேன். "உன்னோட சேர்ந்து எனக்கும் இந்த வியாதி வந்துடுச்சு" என்றேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"பின் சீட்டுக்கு அடில துரு இருக்குதே, அத சொன்னியா?"

"இல்ல."

"அப்போ அரைகுறையாத்தான் சொல்லியிருக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விடிந்து பார்த்தால் ஷெட் காலி. தரை கழுவிவிட்டிருந்தது. ஓடினேன். அவர் வீட்டுக்கு முன்னால், கூரையில்லாத வெட்டவெளியில் கார் நின்றது. ராத்திரி சத்தம் வரக் கூடாதென்று நாலு பேரைக் கூட்டி வந்து தள்ளியிருக்கிறார்.

"ஒன்பது வருஷ வேலை. வெயில்லயும் மழைலயும் நின்னா இன்னாத்துக்கு ஆகும்?" என்றேன்.

"முதல்ல பெயிண்டு போகும். அப்புறம் துரு ஏறும். ரெண்டு மழைக்காலம் தாங்குனா ஜாஸ்தி" என்றார், வேறு யாருடைய காரையோ பற்றிப் பேசுவது போல. "மெஷின் வர்றதுக்குள்ள தரை காயணும்ல. நம்ம பாப்பா ஷெட்டு கேட்டப்போ சரின்னு சொல்லிட்டேன்ப்பா."

ஷெட்டில் இப்போது ஆறு மெஷின் ஓடுகிறது. கார் இன்னும் விலைக்குத்தான் இருக்கிறது, வேண்டியவர்கள் வரலாம், குறைகளுக்குப் பஞ்சமில்லை. இதை எழுதும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் தோல் பார்த்த அந்த மனிதருக்கு ஒரு தார்ப்பாயை ஒழுங்காக இழுத்துக் கட்டத் தெரியாது, போடுகிற முடிச்செல்லாம் முதல் காற்றிலேயே அவிழ்ந்துவிடும். நான் போய்க் கட்டிவிட்டு வருகிறேன்.