அலை காபியின் இசைப் பிரிவு

இனிமேல் காலை நாலு மணிக்கு எழுந்திருப்பதில்லை என்று ஜெயவேல் முடிவு செய்தபோது மணி நாலரை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் ஸ்டேஷன் ஓரமாக நடந்துகொண்டிருந்தான். அரைத் தூக்கத்தில் எடுத்த முடிவுதான். ஆனாலும் அவன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே உறுதியானது அதுதான்.

ஜெயவேல் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவுக்குப் போட், அண்ணனுக்குப் போட். இவனுக்கு மட்டும் போட்டில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கரையிலேயே தங்கி, 'அலை காபி' என்று ஒரு கடை போட்டான். முதல் கடை ஸ்டேஷன் பக்கத்தில். இரண்டாவது விம்கோ நகரில். மூன்றாவது எண்ணூர் ரோட்டில், துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில். மூன்று கடை வந்ததும் அதைச் 'செயின்' என்று சொல்லத் தொடங்கினான். அவன் மனைவி நீலாவிடமும் ஒரு செயின் இருந்தது. மூன்றாவது கடை வந்த வாரம் அது கழுத்தை விட்டுப் போனது. ஆக, குடும்பத்தில் எப்போதும் ஒரு செயின்தான்.

மூன்று கடைக்கும் டிகாஷன் வீட்டில்தான் இறங்கும். அதற்காகப் பதினான்கு வருஷமாக நீலா நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். எழுந்ததும் முதல் வேலை ஜெயவேலை எழுப்புவது. அது லேசுப்பட்ட வேலை இல்லை. கூப்பிடுவாள், உலுக்குவாள், கடைசியில் வாயைத் திறப்பாள். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் மூன்று பேர் எழுந்து பல் விளக்குவார்கள். அதற்கப்புறம்தான் ஜெயவேல் ஒற்றைக் கண்ணைத் திறப்பான்.

இந்த நிலைமையில்தான் அவன் ஒரு நாள் நுங்கம்பாக்கம் போனான். சொந்தக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசும் விஷயமாக ஒரு ஏசி காபிக் கடையில் உட்கார வேண்டியிருந்தது. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் கறுப்பு இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காபி குடித்தவர்கள் போகும்போது ஆளுக்கொரு பாட்டுத் தட்டையும் வாங்கிப் போனார்கள். அதை விற்கிறவன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தான். விசாரித்ததில், அவன் பத்து மணிக்குத்தான் வேலைக்கு வருவானாம். ஜெயவேலைத் தட்டு கவரவில்லை. அந்தப் பத்து மணிதான் கவர்ந்தது.

மறுநாள் அடுப்படியில் வந்து நின்றான்.

"நீலா, நம்ம கம்பெனி அடுத்த கட்டத்துக்குப் போவுது."

"இந்தக் கட்டத்துல பால் பொங்குது. மொதல்ல அத்த எறக்கு."

இறக்கினான். "இனிமே காபி மட்டும் இல்லமே. பாட்டும் விக்கப்போறோம். பென் டிரைவு. லாரிக்காரன் வாங்கி வண்டில சொருவிக்கலாம். நுங்கம்பாக்கத்துல அப்டித்தான் விக்கறான்."

"யாரு பாட்டு?"

ஜெயவேல் தொண்டையைச் செருமினான். பதில் அந்தச் செருமலிலேயே இருந்தது.

நீலா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான புதிதில் ஒரு சாவு வீட்டில் அவன் கானா பாடியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிணத்தோடு விடிய விடிய முழித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கானா பாடச் சொல்வார்கள். இவன் இரண்டு பாட்டுதான் பாடினான். ஒப்பாரி வைத்தவர்கள், சீட்டாடியவர்கள், டோலக் அடித்தவன் உட்பட அத்தனை பேரும் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்த களைப்பு என்று ஜெயவேல் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"நூறு டிரைவு போடறேன். ஒரு மாசத்துல வித்துச்சுன்னா நான் ம்யூசிக் பக்கம் பாத்துக்கறேன். ஏழு மணி வரைக்கும் என்னை எழுப்பக்கூடாது. நீ தனியா எந்திரிச்சு டிகாஷன் போடணும்."

"விக்கலன்னா?"

"நான் தனியா எந்திரிக்கறேன். நீ தூங்கு. இன்னா பந்தயம்?"

நீலா டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே இன்னொரு தரம் கழுவினாள். இதைக் கவனித்திருந்தால் ஜெயவேல் அப்போதே உஷாராகியிருக்கலாம்.

"சரி. யாரு கொரலுக்கு வண்டிக்காரன் வாங்கறானோ அவங்க தூங்கலாம். அப்டி வச்சுக்கலாமா?"

"அதத்தான்மே நானும் சொல்றேன். கீறதே ஒரு கொரல்தான்."

"ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் நம்ம காபிக்கு ரெண்டு வரி விளம்பரம் வரட்டும். அத்த நான் பேசிடறேன். வேற ஆள இன்னாத்துக்குத் தேடிகினு."

"பேசிக்கோ," என்றான் ஜெயவேல், மகாராஜா போல.

"இன்னொண்ணு. பாட்ட நாலு நிமிசத்துல முடிச்சுடாத. ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் இழு. நிதானமா பாடு. அதான் உன்கிட்ட அழகே."

ஜெயவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயால் அழகு என்ற வார்த்தையை அவன் கேட்டதில்லை.

எம்.கே.பி. நகரில் பீம்ராவ் என்று ஒரு தோஸ்து. ஒற்றை அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்தான். அங்கே போய் ஆறு பாட்டுப் பாடினான் ஜெயவேல். எல்லாம் சொந்தச் சரக்கு. முதல் பாட்டு ஒரு நண்டைப் பற்றியது. அந்த நண்டு வளையை விட்டு வெளியே வருவதற்கே ஏழு நிமிஷம் ஆகும். பாட்டு முடிந்து பார்த்தால் பீம்ராவ் மிஷின் மேல் தலை வைத்திருந்தான்.

"எப்டி கீது மாமே?"

பீம்ராவ் கன்னத்தில் பட்டன் அச்சோடு நிமிர்ந்தான். "கண்ண மூடிகினு கேட்டேன் நைனா. ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

நீலா இன்னொரு நாள் தனியாகப் போய் விளம்பரம் பேசிவிட்டு வந்தாள். ஜெயவேல் அதைக் கேட்கவில்லை. தன் பாட்டை மட்டும் போனில் வாங்கிக்கொண்டான். கலைஞன் விளம்பரமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பானா?

ஸ்டேஷன் கடையில் ஒன்றுகூட விற்கவில்லை. விம்கோ நகரில் ஒருவர் வாங்கி, மறுநாள் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எண்ணூர் ரோட்டுக் கடை வேறு கதை. அங்கே தூசி ஒத்துக்கொள்ளாது என்று ஜெயவேல் எட்டிப் பார்ப்பதே இல்லை. நீலாதான் தினம் மொபெட்டில் காபி கேனைக் கட்டிக்கொண்டு லாரி வரிசை நெடுக ஓட்டிப் போவாள். ஒவ்வொரு டிரைவர் முகமும் அவளுக்குத் தெரியும். காபியோடு பென் டிரைவையும் நீட்டினாள். ஒன்பதே நாளில் நூறும் காலி. இன்னும் கேட்கிறார்கள் என்றாள்.

ஜெயவேலுக்குக் கால் தரையில் படவில்லை. சுழல் நாற்காலி ஒன்று வாங்கி எண்ணூர் ரோட்டுக் கடையில் போட்டான். இஸ்திரி போட்ட சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் ரசிகர்களைப் பார்க்கப் புறப்பட்டான்.

வரிசையில் மூன்றாவது லாரியிலேயே அவன் குரல் கேட்டது. நண்டுப் பாட்டு. எட்டிப் பார்த்தான். டிரைவர் ஸ்டியரிங் மேல் காலைப் போட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து வைத்திருந்தார். என்ன ரசனை என்று ஜெயவேல் நெகிழ்ந்துபோனான். அப்புறம்தான் குறட்டை கேட்டது. அடுத்த லாரியிலும் அவன் பாட்டு, அதே குறட்டை. அதற்கடுத்ததிலும் அப்படியே.

அந்த லாரியில் பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு ஸ்பீக்கர் கிழிந்தது.

"யோவ், எந்திரி. லைன் நவுந்துடுச்சு. பின்னாடி கீறவன் உள்ள பூந்துட்டான்னா குந்திகினு அழுவியா? எந்திரி, மூஞ்ச கழுவு. அலை காபி குடி."

ஜெயவேல் பழக்க தோஷத்தில் முகத்தைக் கழுவத் தண்ணீர் தேடினான். டிரைவர் துள்ளி எழுந்து, வண்டியைக் கிளப்பி, பத்தடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் ராயபுரத்துக்காரர், பெயர் அருள்பிரகாசம்.

"இன்னாபா இது?" என்றான் ஜெயவேல், பலவீனமான குரலில்.

"சூப்பர் சரக்கு நைனா. லைன் அரை மணிக்கு ஒருதபா நவுரும். நடுவுல தூங்கவும் முடியாது, முழிச்சுகினு இருக்கவும் முடியாது, ஒரே பேஜாரு. அலாரம் வச்சா கை தானா அமுக்கிட்டுத் தூங்கிடும். அக்கா கொரல அமுக்க முடியுமா? அக்காவுக்காகத்தான் நாங்க வாங்கறதே."

"நடுவுல பாட்டு?"

"அது மாத்திர மாதிரி. ரெண்டு நிமிசத்துல அமுக்கிடும். பாடறவன் டாக்டரா இருப்பான்போல."

ஜெயவேல் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. கண் இருந்த நிலைமைக்கு அது உதவியாக இருந்தது. அரை மணி நேரம் இழு, நிதானமாகப் பாடு என்று நீலா ஏன் சொன்னாள் என்பது இப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்வான் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குப் புருஷர்களைத் தெரியாது.

"கேட்டேன்மே. ஒவ்வொருத்தனும் என் பாட்டுல மயங்கிக் கெடக்கறான்."

"அப்டியா?" என்றாள் நீலா. "அப்ப நீதான் ஜெயிச்ச. அடுத்த நூறுல என் பேச்ச எடுத்துடச் சொல்லட்டா? உன் பாட்டுக்கு நடுவுல அது எதுக்கு, கலீஜா."

இதற்கு வேண்டாம் என்று சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். "எடுத்துடு," என்றான் ஜெயவேல்.

புதுச் சரக்கு வந்தது. புதுசு என்றதும் பழையதை வைத்திருந்தவர்கள் உட்பட முதல் நாள் காலையிலேயே முப்பது பேர் வாங்கினார்கள். பதினோரு மணிக்கு ஜெயவேல் எண்ணூர் ரோட்டுக் கடையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று வந்தபோது லாரி வரிசையில் ஒரு ஓட்டை தெரிந்தது. அடுத்த சுற்றில் ஓட்டை பெரிதாகிவிட்டது. துறைமுக வாசல் பக்கம் ரோடு காலியாகக் கிடக்க, முப்பது லாரி அசையாமல் நின்றது. பின்னால் இருந்த லாரிகள் அத்தனையும் ஒன்றாக ஹாரன் அடித்தன. இடது பக்கமாகப் புகுந்து நாற்பது வண்டி முந்திக்கொண்டு போனது. ஒன்றரை நாள் காத்துக்கிடந்த இடம், முப்பது பேருக்கும் ஒரே தூக்கத்தில் போய்விட்டது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு முப்பது பேரும் கடை வாசலுக்கு வந்தார்கள். முன்னால் அருள்பிரகாசம். கையில் பென் டிரைவ்.

"இன்னா நைனா, அக்கா எங்க இதுல?"

"பாட்டு நல்லாத்தான கீது?" என்றான் ஜெயவேல்.

"நல்லா கீறதாலதான தூங்குனோம். எழுப்ப ஆள் இல்லாம நாள் முச்சூடும் போச்சு. இத்தப் பாடுனவன் யாரு? இப்ப வரச் சொல்லு. சொம்மா ஒரு வார்த்த பேசணும்."

பின்னால் நின்ற ஒருவர் கைலியை மடித்துக் கட்டினார். இன்னொருவர் ஜாக்கி ராடோடு வந்திருந்தார். ஜெயவேல் கலைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று பீம்ராவிடம் சொன்னவன்தான். ஆனால் எண்ணூர் ரோட்டில் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

"எனக்கு இன்னாபா தெரியும்? பாம்பேல யாரோ பாடி அனுப்பனது. என் கொரலா இது? நீங்களே கேக்கறீங்கல்ல, என் கொரல் இப்டியா கீது?"

"அதான பாத்தேன்," என்றது ஒரு குரல். கூட்டத்துக்குப் பின்னால் மொபெட்டில் நீலா நின்றிருந்தாள். காபி கேனை இறக்கி எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். தன் பேச்சு உள்ள பழைய சரக்கு சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றாள். முப்பது பேரும் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாட்டு உன் கொரல் இல்லன்னு முப்பது பேரு முன்னாடி சொல்லிட்ட. அப்ப பந்தயத்துல கீறது ஒரே கொரல்தான். எந்திரி, நான் குந்தணும்."

ஜெயவேல் எழுந்தான். வேறு என்ன செய்வான்?

மறுநாள் காலை நாலு மணிக்கு நீலாவின் குரல் காதுக்குள் இறங்கியது. "யோவ் ஜெயவேலு, எந்திரி. பால் கேன் வந்துடுச்சு. இன்னும் இன்னா தூக்கம்? எந்திரிய்யா."

"எந்திரிச்சிட்டேன்மே, கத்தாத," என்று போர்வையை விலக்கினான். குரல் நிற்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தான். கத்திக்கொண்டிருந்தது தலைமாட்டில் கிடந்த அவன் போன். நீலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, அவனைத் திட்டுவதற்குக்கூட அவள் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.