முளைக்குச்சியும் நாற்பத்தெட்டுக் குழிகளும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள அத்தனை கம்பெனிகளிலும் தேடிப் பாருங்கள். முளைக்குச்சியைப் போல இன்னொருவன் கிடைத்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. மாட்டைக் கட்டும் முளைக்குச்சி மாதிரி, கண்ணில் பட்டதையெல்லாம் எதிலாவது கட்டிவைக்காமல் அவனால் உட்கார முடியாது என்பதால், எங்கள் டிசைன் ஆபீஸில் இந்தப் பெயர். என் மேஜையில் டீ கிளாஸ் நிற்க வேண்டிய இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பென்சிலால் வட்டம் போட்டவன் அவன். கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருந்த ஒருவரை, அவர் பை வாராலேயே சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். பாவம், அந்த மனுஷர் தன் ஸ்டாப்பில் எழுந்திருக்க முடியாமல் இருங்காட்டுக்கோட்டை வரை போய்வந்தார்.

கார் பாகங்களை அடுக்கி அனுப்பும் ட்ரேக்களை கம்ப்யூட்டரில் வரைவதுதான் எங்கள் வேலை. ஒரு குழியை வரைந்து, இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஆறு என்று சொன்னால் நாற்பத்தெட்டு குழி வந்துவிடும். ஆனால் நீலக் கோடாக வரும். நீலம் என்றால் இன்னும் அளவு சொல்லிக் கட்டவில்லை, மவுஸ் பட்டால் ஓடிவிடும் என்று அர்த்தம். எல்லா அளவும் சொன்னால்தான் கறுப்பாகும். நீலத்தைப் பார்த்தால் முளைக்குச்சிக்குச் சோறு இறங்காது.

"இன்னாடா இது? நாப்பத்தெட்டும் அவுத்துவுட்ட கோழியாட்டம் கீது?"

"நேராத்தானே நிக்குது மச்சி?"

"நிக்கிற வரைக்கும் நிக்கும்!"

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. இந்த ட்ரே ஓகே ஆனால் பர்மனென்ட், இல்லையென்றால் வேறு இடம் பார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இதில் இவன் தொல்லை வேறு. 'ஃபிக்ஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே ஆணி அடித்து நிறுத்திவிடும், கோடும் கறுப்பாகிவிடும். திருட்டுத்தனமாக அதை அமுக்கினேன். கறுப்பைப் பார்த்த முளைக்குச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மறுநாள் மறைமலை நகரில் பெண் பார்க்க லீவு போட்டுவிட்டு நிம்மதியாகப் போனான்.

அந்த மறுநாள் மூன்று மணிக்கு கஸ்டமர் போன் செய்தார். ட்ரே அகலம் குறைய வேண்டும், நாலு மணிக்கு நேரில் வந்து பார்ப்பாராம். விளிம்பைக் குறைத்தேன். விளிம்பு உள்ளே போனது, ஆணி அடித்த குழிகள் அசையவில்லை. கடைசி வரிசைக் குழிகள் ஆறும் ட்ரேக்கு வெளியே அந்தரத்தில் தொங்கின. முளைக்குச்சிக்குப் போன் போட்டேன்.

"மச்சி, குழியெல்லாம் வெளிய கீதுடா!"

"கறுப்பாத்தானே இருந்துச்சி?"

"ஃபிக்ஸ் போட்டுட்டேன்."

"துரோகி," என்றான். பிறகு, "ஆணியெல்லாம் புடுங்கு. மொத குழிய ட்ரே ஓரத்துலருந்து அளவு போட்டுக் கட்டு. வரிசைய நேராக்கு. ரெண்டு குழிக்கு நடுவுல எவ்ளோன்னு ஒரே ஒரு அளவு குடு. மத்ததெல்லாம் பின்னாடியே வரும்."

இதைச் சொல்லிக்கொண்டே அவன் தட்டில் பஜ்ஜிகளை எட்டுக்கு ஆறாக அடுக்கியிருக்கிறான். போதாமல் அடுப்படியிலிருந்து இன்னும் வரவழைத்தானாம். "மாப்ளைக்கு இன்னா ஆச்சி?" என்று பெண்ணின் அப்பா கேட்டது எனக்கே கேட்டது.

"இன்னும் நீலமாத்தான்டா கீது!" என்று கத்தினேன்.

போனில் ஒரு பெண் குரல் வந்தது. "குறுக்கால மட்டும்தானே இடைவெளி சொன்னீங்க? கீழ்ப்பக்கம் போறதுக்குச் சொல்லவேயில்லயே?"

கல்யாணப் பெண்! அவள் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்காம். அந்த அளவையும் போட்டேன். நாற்பத்தெட்டும் கறுப்பாயின. குறுக்கு இடைவெளியைக் குறைத்ததும் எல்லாம் சேர்ந்து நகர்ந்து ட்ரேக்குள் உட்கார்ந்தன. நாலு மணிக்கு ட்ரே ஓகே. அங்கே சம்பந்தமும் ஓகே.

திங்கட்கிழமை மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "கடைசி நேரத்துல ஏன்யா இவ்ளோ கலாட்டா? மொதல்ல யார் தப்பா கட்டுனது?"

முளைக்குச்சி என்னைப் பார்க்கவேயில்லை.

"சாஃப்ட்வேர் மக்கர் பண்ணிச்சி சார்," என்றான்.

ஒரு கோடு அவிழ்ந்து கிடந்தால்கூடத் தாங்காதவன், எனக்காக ஒரு பொய்யை அப்படியே அவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். நான் பர்மனென்ட் ஆனேன்.

இப்போது அவன் மறைமலை நகரில் வேறு கம்பெனியில் இருக்கிறான். என் மேஜையில் அந்தப் பென்சில் வட்டம் மங்கும்போதெல்லாம், ஸ்கேல் வைத்து அளந்து நானே திரும்ப வரைந்துவிடுகிறேன்.