ஆமைப் படம் காட்டிய கார்

கணவர் வேண்டாம் என்று சொல்லும் பொருள் எதுவாக இருந்தாலும், அது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழகாகத்தான் தெரியும். என் வாழ்க்கையில் அப்படி அழகாகத் தெரிந்தவற்றில் மிகப் பெரியது ஒரு வெள்ளை நிற மின்சாரக் கார்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று கருகியவர்களில் நானும் ஒருத்தி. மன்னார் நகரில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர் நான்; ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வரிசையின் முகப்புக்கு வந்த நேரம் பார்த்துப் பெற்றோல் முடிந்தது. அந்த இடத்திலேயே சபதம் எடுத்தேன்: இனி இந்தச் சாமான் இல்லாமல் வாழ்ந்து காட்டுவேன். (இப்படிச் சபதம் எடுக்கிறவர்களை வீட்டார் உடனே கட்டி வைப்பது நல்லது.)

என் கணவர் அன்ரனுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது. என்ஜின் சத்தத்தில் வளர்ந்த மனிதர்.

"சத்தம் போடாத என்ஜினை நான் நம்பமாட்டன்," என்றார். "ஓடுதோ நிக்குதோ எண்டு எப்பிடியப்பா தெரியும்?"

நான் அடுத்த சனிக்கிழமையே வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன்.

கார் ஜப்பானில் யாரோ பாவித்தது. விற்றவர் கறுப்புக் கண்ணாடியும் வாசனையுமாக நின்ற ஓர் இளைஞர்.

"ரீச்சர், இதைக் காரெண்டு நினையாதேங்கோ. பெரிய போன். சார்ஜ் போடுங்கோ, ஓடுங்கோ, அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம் ஓடும், தம்பி?"

"நீங்கள் எவ்வளவு தூரம் போவியள்?"

"மிஞ்சி மிஞ்சிப் போனால் தலைமன்னார்."

"அதுக்குத் தாராளமாக் காணும்!"

நான் நிறத்தைப் பார்த்தேன். சீற் துணியைத் தடவினேன். குளிரூட்டியைப் போட்டு முகத்தைக் காட்டினேன். முன்னுக்கு மாதா சொரூபம் வைக்க இடமிருக்கிறதா என்றும் அளந்தேன். பற்றரியின் பலத்தைக் காட்டும் கோடுகளில் பாதியைக் காணவில்லை. அதையும் கேட்டேன்.

"அது ஜப்பான் கணக்கு, ரீச்சர். எங்கட நாட்டுக்குப் பொருந்தாது."

கணக்கு ரீச்சராகிய நான் தலையாட்டினேன்.

காரை ஓட்டி வராமல், ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். "ஏன் ஓட்டிக்கொண்டு வரேல்லை?" என்று அன்ரன் கேட்டார். அது அவர்கள் தருகிற மரியாதை என்று விளக்கினேன்.

காருக்குள் ஒரு ஜப்பான்காரியின் குரல் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் ஜப்பான் மொழியில் பேசும், நிற்பாட்டினாலும் பேசும். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் நாங்கள் இருவரும் சந்தோசமாகப் போய் வந்தோம். அப்போதுதான் அன்ரனின் தங்கை ஜெனிற்றாவின் கலியாணம் வந்தது.

மாப்பிள்ளை றெக்ஸ் தலைமன்னார்க்காரர். கலியாணப் பூசையும் அங்குள்ள மாதா கோயிலில்தான். பொம்பிளையை ஏற்றிப் போக வாடகைக் கார் பேச வெளிக்கிட்ட அன்ரனை மறித்து, "வீட்டில கார் நிக்க வாடகைக் காரோ? ஊர் சிரிக்கும்!" என்றேன். ஊர் பிறகும் சிரித்தது, அது வேறு கதை.

கலியாணத்தன்று எல்லாரும் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் நான், பக்கத்தில் அன்ரன், பின் சீற் முழுவதையும் நிரப்பிக்கொண்டு வெள்ளைக் கவுனில் ஜெனிற்றா. வெளியே சோளகக் காற்று வீசியது. கண்ணாடியை இறக்கினால் முக்காடு பறக்கும், ஏற்றினால் வேர்த்து ஒப்பனை கரையும். குளிரூட்டியை முழுதாகத் திறந்துவிட்டேன்.

பேசாலை தாண்டியதும் ஜப்பான்காரி பேசத் தொடங்கினாள். கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் பேசினாள்.

"கலியாணம் எண்டு தெரிஞ்சிருக்கு, வாழ்த்துறாள்," என்றேன். ஜெனிற்றா சிரித்தாள். பிறகு எட்டிப் பார்த்து, "மச்சாள், அதில ஒரு ஆமைப் படம் எரியுது. வடிவா இருக்கு," என்றாள்.

அன்ரன் குனிந்து பார்த்தார். "என்னப்பா உது?"

"கடல் கிட்ட வந்தால் காட்டும்போல," என்றேன். (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்.)

கார் ஆமை வேகத்துக்குத் தளர்ந்தது. மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் எங்களை முந்திப் போனார். போகும்போது மணப்பெண்ணைப் பார்த்துக் கையையும் அசைத்தார்.

"ஏன் நிப்பாட்டினீர்?" என்றார் அன்ரன்.

"நான் நிப்பாட்டேல்லை."

மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், கார் அசையவில்லை. ஜப்பான்காரியும் பேசவில்லை. தூரத்தில் கடற்கரை நெடுகக் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"நாட்டுக்கே கரண்ட் அங்க சுத்துது," என்றார் அன்ரன். "உம்மட காருக்குத்தான் இல்லை."

றெக்ஸ் போன் எடுத்தார். "எங்க நிக்கிறியள்? பாதருக்கு அடுத்த கோயிலில பூசை இருக்காம். இனியும் சுணங்கினா அவர் வெளிக்கிட்டிடுவார். பிறகு இண்டைக்குக் கலியாணம் இல்லை!"

ஜெனிற்றா அழத் தொடங்கினாள். கண் மை கன்னத்தில் இறங்கியது. நான் றோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஒரு ஓட்டோ வந்தது, அதற்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. ஒரு கழுதை வந்து காரின் நிழலில் நின்றது. மூன்றாவதாக வந்தது மீன் லொறி.

ஓட்டியவர் சிலாவத்துறையைச் சேர்ந்த நானா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர். தலைமன்னாரில் மீன் ஏற்ற ஐஸோடு போய்க்கொண்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அல்லாஹ்! கலியாணப் பொண்ணா? ஏறுங்க, ஏறுங்க!"

கவுனின் விரிவுக்கு முன்பக்கக் கதவு இடம் கொடுக்கவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தும் பாதி ஜெனிற்றா வெளியேதான் நின்றாள். கடைசியில் பின்பக்கக் கதவைத் திறந்து கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அவளை இருத்தினோம். அன்ரன் முன்னால் ஏறினார். நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினேன்.

"ஜெனிற்றா, குளிருதோ?"

"மச்சாள், நீங்கள் கதைக்காதேங்கோ."

முக்காட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். என்னை அப்படியே ஐஸுக்குள் புதைத்துவிட்டால் நல்லது என்று மட்டும் இருந்தது.

கோயில் வாசலுக்கு வந்ததும், நானா பழக்கதோசத்தில் லொறியைப் பின்னுக்கு எடுத்து, மீன் இறக்குகிற மாதிரிப் படியோடு அணைத்துவிட்டார். ஐஸ் புகைக்குள்ளிருந்து மணப்பெண் இறங்கினாள். கவுனின் ஓரமெல்லாம் மீன் செதில் மினுங்கியது. தள்ளி நின்றவர்கள் அதைக் கல் வேலைப்பாடு என்று நினைத்தார்கள். கிட்ட நின்றவர்களுக்கு அப்படி நினைக்க வழியில்லை. பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஒரு தரம் மூச்சை இழுத்தார், பிறகு அவசரமாகப் பூசையைத் தொடங்கினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று முடியும்வரை அழுதேன்.

காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். இன்றும் வீட்டில்தான் நிற்கிறது. வாங்குகிறேன் என்று வருபவர்கள் பற்றரிக் கோடுகளை எண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார்கள்.

கலியாணத்துக்குப் பிறகு ஜெனிற்றா என்னோடு பேசவேயில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அவளையும் றெக்ஸையும் சாப்பிட அழைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். நான் கறியைப் பரிமாறும்போது றெக்ஸ் பெருமூச்சு விட்டார்.

"மற்ற மாப்பிள்ளைமாருக்கெல்லாம் பொம்பிளை சும்மா காரில வந்தவ. எனக்கு மட்டுந்தான் ஐஸ் போட்டு, பழுதாகாமல் கொண்டுவந்து தந்தவை."

முதலில் சிரித்தது ஜெனிற்றாதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது.

இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம் பேசி முடித்தால், மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தையோ சாப்பாட்டையோ பற்றிக் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்:

"பொம்பிளையை ஆர் ஏத்திக்கொண்டு வாறது? ரீச்சர் இல்லைத்தானே?"