பதவியில் அமர்த்தப்பட்ட ப்ளோரன்ஸ்

தொழிலாளரின் வளர்ச்சிக்காக உலகம் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறது. ஆனால் ஒரே ஊழியரை எட்டு ஆண்டுகளுக்குள் ஆறு முறை பதவியில் அமர்த்திய பெருமை, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையைப் பார்த்துக் கண்ணாடி முகப்போடு நிற்கும் 'பூந்தளம் டைல்ஸ்' ஒன்றுக்கே உரியது. அந்தப் பெருமையைச் சுமந்தவள் ப்ளோரன்ஸ். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே சுமந்தாள்.

அவள் வீடு காஞ்சிரங்குளத்தைத் தாண்டிக் கடல் பக்கம். கணவர் ததேயூஸ் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ப்ளோரன்ஸ் இரண்டு பஸ் மாறி வந்து, காலை ஒன்பது மணிக்குக் கடையின் குளியலறைப் பிரிவில் நிற்பாள். மாலை ஏழு மணிக்கும் அங்கேயே நிற்பாள். அந்தப் பிரிவில் க்ளோசெட் எனப்படும் கழிப்பறைப் பீங்கான்கள் பதினேழு வரிசையாக இருந்தன. மனிதன் உட்காருவதற்கென்றே படைக்கப்பட்ட பதினேழு பொருள்கள். அவற்றுக்கு நடுவே, உட்காரக் கூடாத ஒரே ஜீவன் அவள்.

"இருந்து பாருங்க சார், சும்மா இருந்து பாருங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வது அவள் வேலை. அவர்களும் மூடியின் மேல் உட்கார்ந்து, வீட்டுக் கடன் நினைவு வந்தவர்களைப் போலக் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்ப்பார்கள். பிறகு விலை கேட்பார்கள்.

ஆறாவது ஆண்டில் அவள் கணுக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு எழும்பின. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, 'இடையிடையே உட்கார வேண்டும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ப்ளோரன்ஸ் சீட்டோடு முதலாளி கிருஷ்ணன்குட்டியிடம் போனாள்.

"மொதலாளி, எனக்கு இஞ்ச கொறச்சு நேரம் இருக்கணும்."

அந்தப் பக்கத்தில் 'இருக்கணும்' என்றால் உட்காருவதும் உண்டு, தங்குவதும் உண்டு. முதலாளி தமக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டார்.

"நீ இஞ்சதானே இருக்கிய. ஆரு உன்னப் போவச் சொன்னது?"

"அதில்ல மொதலாளி. நாற்காலியில இருக்கிய காரியமாக்கும்."

கிருஷ்ணன்குட்டியின் முகம் வாடியது. "நாற்காலியக் கண்டா ஆளு மடி புடிச்சுச் சோம்பேறியாப் போவும் மக்கா. நீ இன்னும் வளர வேண்டிய பிள்ளையாக்கும்."

ப்ளோரன்ஸுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் அவளிடம் அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

கடையில் நாற்காலியே இல்லை என்று யாரும் அவதூறு பேசிவிடக் கூடாது. இரண்டு இருந்தன. ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டதால் வாங்கியவை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடங்கு வாசலில் வைத்து, 'இது ஊழியர்களின் உரிமை. தொடாதீர்கள்' என்று ஓர் அட்டையும் மாட்டியிருந்தார்கள். அந்த வருடமே அதைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். உறை கழற்றப்பட்டது. ஒரு நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தார், மற்றதில் முதலாளி உட்கார்ந்தார். 'நாற்காலிகள் பயன்பாட்டில் உள்ளன' என்று அதிகாரி எழுதினார். அறிக்கையில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. இருவருக்கும் சாயா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ப்ளோரன்ஸே அதற்குச் சாட்சி.

ஆனாலும் டாக்டர் சீட்டு முதலாளியின் மனதை உறுத்தியது. கால் வலிக்கிறவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவது உண்டு. க்ளோசெட் பற்றி இவ்வளவு தெரிந்த இன்னொரு ஆளை எங்கே தேடுவது? எனவே காட்டாக்கடையிலிருந்து அஜேஷ் என்ற 'வளர்ச்சி வழிகாட்டி' வரவழைக்கப்பட்டார். அவர் இதுவரை ஒன்பது வேலைகளை விட்டவர். ஆகவே வேலையை விடுவதில் நிபுணர். 'வேலையை எப்போது விடலாம்?' என்று அவர் வகுப்புக்குத் தலைப்பு வைத்தபோது முதலாளி பதறினார்.

"சாறே, இந்தத் தலைப்பு வச்சாத்தான் ஒருத்தனும் விடமாட்டான்" என்று அஜேஷ் தைரியம் சொன்னார்.

வகுப்பு மூன்று மணி நேரம் நடந்தது. அஜேஷ் உட்கார்ந்து பேசினார். பதினான்கு ஊழியர்கள் நின்று வளர்ந்தார்கள்.

"கால் வலிக்குதுண்ணு வேலைய விடலாமா? விடப்பிடாது. ஏன்? வலிக்கும் வளர்ச்சிக்கும் மொத எழுத்து ஒண்ணு. 'வ'."

ராபின்சன் அதைக் குறித்துக்கொண்டான். டைல்ஸ் பிரிவில் பத்து வருடமாக நிற்பவன் அவன். ப்ளோரன்ஸ் கையைத் தூக்கினாள்.

"அப்பம் எப்பம்தான் விடலாம் சாறே?"

"ரெண்டே நேரம். நிறுவனம் உங்களக் கண்டுக்கல்லண்ணா விடலாம். இனி வளர எடமே இல்லண்ணா விடலாம்."

"கண்டுக்கிட்டாவளாண்ணு எப்பிடி அறியியது?"

"பதவி தருவாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணன்குட்டியும் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமையே ஆணை வந்தது. 'இதனால் ப்ளோரன்ஸ் என்பவர் முதுநிலை விற்பனை அலுவலர் பதவியில் அமர்த்தப்படுகிறார்.' ப்ளோரன்ஸ் அதை நின்றபடி படித்தாள். இரண்டு மாதம் கழித்து வலது கால் வீங்கியது. பிரிவு ஒருங்கிணைப்பாளர் ஆனாள். இடது கால் வீங்கியது, மேலாளர் ஆனாள். இரண்டும் சேர்ந்து வீங்கியபோது கடையின் நிலைக்குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். பெயருக்கும் செயலுக்கும் இவ்வளவு பொருத்தமான குழு நாட்டில் வேறெங்கும் இருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ப்ளோரன்ஸுக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. ஒவ்வொரு பதவிக்கும் நெஞ்சில் குத்தும் பேட்ஜ் அரை அங்குலம் நீண்டது. பஸ்ஸில் எதிரே இருப்பவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அன்று வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஆணைகளையெல்லாம் சேர்த்து, கல்யாணச் சேலைகளுக்கு அடியில் ஒரு பைலில் வைத்திருந்தாள்.

எட்டாவது ஆண்டில் 'குளியலறை அனுபவத் துறைத் துணைத் தலைவர்' ஆனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ததேயூஸிடம் காட்டினாள்.

"வைஸ் பிரசிடென்றா? அப்பம் பிரசிடென்று ஆரு?"

"டைல்ஸ் செக்சன் ராபின்சன்."

"அவனுக்கு நாற்காலி உண்டா?"

"அவனும் நிக்கியான்."

ததேயூஸ் ஆணையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "எங்க வள்ளத்துல பதவியொண்ணும் கெடயாது பிள்ளே. ஆனா இருக்க ஒரு பலகை உண்டு."

ப்ளோரன்ஸ் சிரித்தாள். பிறகு ஆணையை மடித்துவிட்டு வெந்நீரில் கால்களை வைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை தனுவச்சபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல கனத்த உடம்பு. இருப்பதிலேயே பெரியதான 'மகாராஜா' மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இருந்து பாருங்க சார்" என்றாள் ப்ளோரன்ஸ்.

"ஆளுவளுக்கு முன்னால எனக்கு நாணமாக்கும். நீங்க சொல்லுங்கோ, இருக்கதுக்குச் சொகமா இருக்குமா?"

எட்டு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு அவள் 'நல்ல சொகம்' என்றே பதில் சொல்லி வந்தாள். அன்று இடது கால் அவளைப் பொய் சொல்ல விடவில்லை; தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வைத்தது.

"அறிஞ்சூடா சார். நான் இதுவரை இருந்ததில்ல."

"அப்பம் இருந்து பாத்துச் சொல்லுங்கோ."

ப்ளோரன்ஸ் மூடியை இறக்கினாள். உட்கார்ந்தாள். அடைப்பு எடுத்துவிட்ட தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவது போல வலி காலை விட்டு இறங்கியது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. ஆசிரியரின் மனைவி க்ளோசெட்டைப் பார்க்கவில்லை, ப்ளோரன்ஸின் முகத்தைத்தான் பார்த்தார்.

"இது மதி, இதே போதும்" என்றார் அவர். "ரெண்டு எடுப்போம்."

ஊழியர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கத்துவதற்காக ஓடிவந்த முதலாளி, 'ரெண்டு' என்ற சொல்லில் காலூன்றி நின்றார். மாதாந்திர வகுப்புக்காக அஜேஷும் வந்திருந்தார். இருவரும் அறைக்குள் போய் ஆலோசித்தார்கள். தம்பதி பில் போட்டுப் போன பிறகும் ப்ளோரன்ஸ் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஆணை தயாராகி வந்தது: 'நேரடி அனுபவத் துறைத் தலைமை அதிகாரி.' காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை, கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குள், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, மகாராஜா மாடல் மேல் மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்க வேண்டும்.

"நீ இருக்கணும்ணு கேட்டியல்லியா? இனி தாராளமா இருந்துக்கோ" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"ரோட்டப் பாத்தா?"

"ரோட்டப் பாத்தாத்தானே மக்கா யாவாரம் நடக்கும்."

ப்ளோரன்ஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பாறசாலை பஸ் ஒன்று ஜன்னலெல்லாம் தலையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஊர்க்காரர்கள் மீன் விற்கவும் கல்யாணத்துக்குப் போகவும் வருகிற சாலை.

"இது உங்க உச்சமாக்கும்" என்றார் அஜேஷ் உணர்ச்சியோடு. "இதுக்கு மேல இந்தக் கடையில பதவியே கெடயாது."

"மேல ஒண்ணும் இல்லியா சாறே?"

"இல்ல."

"அப்பம் வளர எடமில்ல. விடலாம்ணு நீங்கதானே சொன்னிய."

அஜேஷ் திகைத்துப் போனார். இத்தனை வகுப்புகளில் அவர் சொன்னதைக் கேட்டு ஒருவர் அதன்படி நடந்தது அதுவே முதல் தடவை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய குறிப்பேட்டில் இல்லை.

ப்ளோரன்ஸ் மடியில் பில் புத்தகத்தை வைத்து எழுதினாள். 'ஐயா, என்னை ஆறு பதவிகளில் அமர்த்தியதாக ஆணைகள் இருக்கின்றன. அமர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இன்று அரை மணி நேரம் அமர்ந்தேன். இந்த நிலையிலேயே விடைபெற விரும்புகிறேன்.' அதைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள்.

தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு எதிரே ஒரு போட்டோஸ்டாட் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. பதவிக்குப் பெயரில்லை, பேட்ஜும் இல்லை. கூட்டம் இல்லாதபோது உட்கார ஒரு ஸ்டூல் உண்டு. முதல் வாரம் அதில் உட்காரும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் அது போய்விட்டது.

பூந்தளம் டைல்ஸ் அவளைச் சும்மா அனுப்பிவிடவில்லை. அவள் விடைபெற்ற அன்றே பழம்பொரியும் சாயாவும் வைத்து ஒரு பிரிவு உபசார விழா நடத்தியிருந்தது. ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். கிருஷ்ணன்குட்டி கண் கலங்கப் பேசினார்.

"ப்ளோரன்ஸ் ஆராக்கும்? நம்ம கடைக்க தூணாக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பேச்சில் துளியும் முகஸ்துதி இல்லை. தூணாகத்தான் அவளை அவர்கள் வைத்திருந்தார்கள்: எட்டு ஆண்டுகள், ஒரே இடத்தில், நிற்க வைத்து.